பெருமாள் போன ஒற்றையடிப் பாதை

பெருமாளைத் துணைக்குக் கூப்பிடுகிறவன் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவர் தனியாக வரமாட்டார். குடை வரும், கொட்டு வரும், ஊர் வரும், கடைசியில் ஊரையே வளைத்துப் போட்டவனும் கைகூப்பிக்கொண்டு வருவான். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து, கோவில் மேளச் சத்தத்திலேயே வளர்ந்த கோவர்தனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டான். அதுவும் ஒரு சைக்கிள் பாதைக்காகக் கூப்பிட்டான்.

ஐயம்பேட்டையைத் தாண்டி உள்ளே போனால் நரிக்கல் என்றொரு கிராமம். அங்கே ஏரி மதகருகே தொடங்கும் அந்தப் பாதை. வேர்க்கடலையை மல்லாட்டை என்கிற அந்த ஊர் விவசாயி பழனியின் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் ஏறி, சூரைமுள்ளும் காரைமுள்ளும் பின்னிக் கிடக்கும் புறம்போக்குக் காட்டுக்குள் நுழைந்து, குன்றின் இடுப்பைச் சுற்றி மேலேறி, மறுபக்கம் சரளையில் சரிந்து இறங்கி, திரும்பவும் ஏரிக்கரைக்கே வந்து சேரும். ஒரு சைக்கிள் போகலாம். எதிரே ஓர் ஆடு வந்தால் இரண்டில் ஒன்று ஒதுங்கியாக வேண்டும். நரிக்கல் ஆடுகள் ஒதுங்கிப் பழகியவை அல்ல.

இந்த வழியை உண்டாக்கியவர்கள் கோவர்தனும் பழனியும்தான். அதற்கு முன்னால் அங்கே ஆடு மேய்ந்த தடங்கள்கூட அரைகுறையாகத்தான் இருந்தன.

கோவர்தன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன். அமெரிக்காவில் ஏதோ டாட்காம் பலூன் உடைந்துவிட்டது என்றார்கள்; அது உடைந்த சத்தம் இங்கே இவன் மேஜைமேல் கேட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் வந்தவன்தான். ஊரைச் சுற்றிப் புற்றீசல் மாதிரி முளைத்திருந்த பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தான். வேலை போனதுகூடப் பெரிதில்லை. அவனுக்குள் வேறு ஏதோ நின்றுபோயிருந்தது. அழவில்லை, கோபப்படவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டான், தூங்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டான். மனைவி ஸ்ரீவல்லி பேசிப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கோவில் கோவிலாக நெய்விளக்கு ஏற்றிப் பார்த்தாள். இவன் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்கிற சாதாரணக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து வந்த பெரியப்பா மகன் ராமானுஜ் ஒரு கியர் சைக்கிளைக் கொண்டுவந்தான். மலையில் ஓட்டுகிற சைக்கிளாம். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், பன்றி முதுகு மாதிரி குத்திட்டு நிற்கும் ரப்பர் முட்கள். திரும்பிப் போகும்போது அதைக் கொண்டுபோக முடியாமல் இவன் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே சாத்திவிட்டுப் போனான்.

"துருப்பிடிச்சுண்டு நிக்கறது. எடுத்துண்டு எங்கயாவது போயிட்டு வாங்கோளேன்" என்றாள் ஸ்ரீவல்லி. அவனை ஊஞ்சலிலிருந்து கிளப்பினால் போதும் அவளுக்கு.

போனான். எங்கே என்று யோசிக்காமல் போய், நரிக்கல் காட்டில் காரைமுள் ஏறி டயர் செத்து நின்றபோது, தோளில் கொடுவாளோடு எதிரே வந்தவன் பழனி. இவன் வயதுதான் இருக்கும். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா சாமி, சைக்கிள நீ ஓட்டினு போறியா, அது உன்ன ஓட்டினு போவுதா?"

கோவர்தன் சிரித்தான். சிரித்த பிறகுதான் தான் சிரித்தது அவனுக்கே உறைத்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. அன்று வீட்டுக்குப் போய் ஸ்ரீவல்லியிடம் அதைச் சொன்னபோது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அப்புறம் கல்லூரிக்குப் போவதற்கு முன் தினமும் நரிக்கல்தான். பழனி கொடுவாளும் கடப்பாரையும் எடுத்துவந்தான். இவன் மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்தான். மரத்தை வெட்டுவதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டார்கள். உசிலை குறுக்கே நின்றால் பாதை அதைச் சுற்றிக்கொண்டு போகும். பாறை மறித்தால் பாறைமேலேயே ஏறும். எந்த இடத்தில் மண் மழைக்கு அரியும், எந்தத் திருப்பத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் சைக்கிள் குப்புற விழாது என்று பழனி நடந்தும் இவன் விழுந்தும் கற்றுக்கொண்டார்கள். குன்றின் மறுபக்கத்தில் ஒரு மொட்டைப் பாறை. அதன் கீழே ஆவாரம் புதர்களில் முயல்கள் இருந்தன. அங்கே பாதை கத்திபோலத் திரும்பும். முயல் பாறை என்று பெயர் வைத்தார்கள். அந்தத் திருப்பத்தில் பிரேக்கை விட்டுவிட்டு இறங்கும்போது கோவர்தனுக்கு மின்விசிறி, வேலை, பலூன் எதுவும் ஞாபகம் வராது. வயிற்றில் ஒரு குளிர்ச்சி, காதில் காற்று, அவ்வளவுதான். உயிரோடு இருப்பது நல்லதுதான் என்று அந்த ஓர் இடத்தில் அவனுக்குத் தோன்றியது. அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

ஊர்க்காரர்கள் அதை 'ஐயரு பாதை' என்றார்கள். "ஐயர் இல்லை, ஐயங்கார்" என்று இவன் திருத்திப் பார்த்தான். "ரெண்டும் மோர்சாதம்தானே சாமி" என்று விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து சில இளைஞர்கள் ஜீப்பின் தலையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பழனியின் மனைவி காந்தா அவர்களுக்குக் கேழ்வரகு அடையும் மல்லாட்டைத் துவையலும் போட்டாள். ஹெல்மெட்டோடு அடை தின்பவர்களைப் பார்க்கவே தெருப் பிள்ளைகள் கூடும்.

நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பது நீடிக்கும் என்று நினைத்ததுதான் தப்பு.

நமச்சிவாயம் பக்கத்து ஊர்க்காரர். அரிசி மில், டிராக்டர், கட்சிக்கொடி பறக்கும் வெள்ளைக் கார் எல்லாம் உண்டு. காட்டுக்கும் பழனியின் கொல்லைக்கும் நடுவே கிடந்த கரம்பு நிலத்தை அவர் வாங்கினார். வாங்கிய கையோடு கல்லுக்கால் ஊன்ற குழி தோண்ட ஆரம்பித்தார். முள்கம்பிச் சுருள்கள் வந்து இறங்கின. பாதை சரியாக அந்தக் கரம்பின் நடுவே போனது.

கோவர்தன் போய்க் கேட்டான். நமச்சிவாயம் நாற்காலி போடச் சொல்லி, சோடா வரவழைத்து, மரியாதைக்குக் குறைவில்லாமல் சொன்னார்: "பட்டா நிலம் சாமி. மாடு பூந்துடுது. நீங்க சைக்கிள் உட எத்தினி ரோடு இல்ல?"

சட்டம் அவர் பக்கம். கோவர்தனுக்கும் அது தெரியும். அன்று திரும்பி வரும்போது கால் பெடலில் பதியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே ஊஞ்சலில் உட்கார்ந்தான். ஸ்ரீவல்லி வாசற்படியில் நின்று பார்த்தாள். மறுபடியும் அந்தப் பார்வை, மறுபடியும் அந்த மின்விசிறி. அவளுக்குப் பயம் வந்தது. அவனுக்கும்தான். இந்தப் பாதை போய்விட்டால் பழைய குழிக்குள் விழுவோம், இந்தத் தடவை ஏறி வர மாட்டோம் என்று அவன் நிச்சயமாக அறிந்திருந்தான். பயம் ஒரு மனிதனை என்னவெல்லாம் யோசிக்க வைக்கும்!

நரிக்கல்லில் சின்னதாக ஒரு பெருமாள் கோவில் உண்டு. உற்சவ நாட்களில் அங்கே பாசுரம் சொல்லும் உரிமை கோவர்தன் குடும்பத்துக்குத் தலைமுறையாக வந்தது. அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு இவன்தான் போய்க்கொண்டிருந்தான். தை மாதம் மாட்டுப்பொங்கலன்று, ஊர் வழக்கில் கன்னுப்பொங்கலன்று, அந்தப் பெருமாள் பாரிவேட்டைக்குப் புறப்படுவார். ஏரியைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதையில் குன்றின் அடிவாரத்துக்குப் போய் இறங்குவார். வலை கட்டி உயிரோடு பிடித்த ஒரு காட்டு முயலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பெருமாளுக்குக் காட்டி, அங்கே அவிழ்த்துவிடுவார்கள். முயல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக் கொல்லைகள் அந்த வருஷம் விளையும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரும் எழுதி வைக்காத, ஆனால் யாரும் மீறாத வழக்கம். பெருமாள் ஒரு தடவை எழுந்தருளிய வழியை அப்புறம் எவனும் அடைக்கக் கூடாது. அது பட்டாவோ புறம்போக்கோ, சுவர் எழுப்பினால் குடும்பம் விளங்காது.

இரண்டாயிரத்து ஐந்தின் மழை பொய்க்கவில்லை. பொய்க்காததோடு நிற்காமல் ஏரிக்கரையையும் உடைத்துக்கொண்டு போயிருந்தது. வண்டிப்பாதை இருந்த இடத்தில் பள்ளம். இந்த வருஷம் பெருமாள் எப்படிப் போவார் என்று ஊர் யோசித்துக்கொண்டிருந்தது. கோவர்தன் பழனியைத் தேடிப் போய்த் தன் யோசனையைச் சொன்னான்.

பழனி காலால் ஒரு மண்ணாங்கட்டியை உடைத்தான்.

"வாணாம்பா" என்றான்.

"ஏன்?"

"ஒண்டி ஆளு போற வழி இது. அதுல ஊரக் கூட்டினு போறன்றியே. பெருமாளு வந்தா ஊரே வரும்பா. ஊரு வந்தா அதுக்கு ஏத்த மாதிரிதான் வழியக் கேக்கும்."

"ஒரே ஒரு நாள்தான் பழனி. அப்புறம் யாராலும் அடைக்க முடியாது. நம்ம பாட்டுக்கு ஓட்டிண்டிருக்கலாம்."

"என்னமோ பண்ணு. வேலில போற ஓணான எடுத்து வேட்டில உட்டுக்கினு, அப்பறம் கொடையுது கொடையுதுன்னு என்னாண்ட வராத."

நல்ல புத்தி யார் சொன்னாலும் ஏறுகிற நிலையில் அவன் இல்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான். "முன்னாடியெல்லாம் பெருமாள் காட்டு வழியாத்தான் வேட்டைக்குப் போவார்னு எங்க அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். வண்டிப்பாதை பின்னால வந்ததுதான்" என்றான். அப்பா அப்படிச் சொன்னதே இல்லை. பொய். நாமம் போட்ட நெற்றியோடு, சந்நிதிக்கு எதிரே நின்று சொன்ன பொய். ஊர் அதைக் கேட்டுச் சிலிர்த்துப்போனது. "பாத்தியா, அதான் ஏரி தானா ஒடஞ்சிக்கிச்சி!" என்றார் ஒருவர். "பழைய வழிக்கு வரணும்னு அவருக்கே ஆசடா."

வேட்டை நாள் வந்தது. அகலமான வாகனம் காட்டுக்குள் போகாது என்று தோளில் சுமக்கும் சின்னப் பல்லக்கில் பெருமாளை எழுந்தருளப் பண்ணினார்கள். சுமப்பவர்கள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, முள் கீறக் கீற நடந்தார்கள். குடை காரைக்கிளையில் மாட்டிக்கொண்டது. நாதஸ்வரக்காரர் ஒரு பாறையில் ஏறும்போது ஊதுவதை நிறுத்தி மூச்சு வாங்க, எல்லோரும் சிரித்தார்கள். கௌதாரிகள் படபடவென்று கிளம்பின. முயல் பாறையருகே கூடையைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு மண்நிறக் கோடு, ஆவாரம்பூ ஆடியது, அவ்வளவுதான். "எந்தப் பக்கம், எந்தப் பக்கம்?" என்று ஊரே சண்டை போட்டது. கோவர்தன் உரக்கப் பாசுரம் சொன்னான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன் இல்லை. இனிமேலும் இல்லை.

நமச்சிவாயமும் வந்திருந்தார். கல்லுக்கால்களை முதல் நாளே பிடுங்கிப் போட்டிருந்தார். தன் கரம்பு நிலத்தில் பல்லக்கு நுழைந்தபோது நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார். எழுந்தபோது அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அது நடிப்பு இல்லை, அதுதான் கொடுமை.

"என் நெலத்துல பெருமாளு காலு பட்டுச்சி சாமி. உங்களாலதான்" என்று கோவர்தனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுமப்பவர்களின் கீறிய தோள்களைப் பார்த்தார். பக்கத்தில் குடையைக் கிழித்துக்கொண்டு வந்தவனைப் பார்த்தார். குரலை உயர்த்தி ஊருக்குச் சொன்னார்: "பெருமாளு இப்பிடி முள்ளுலயும் கல்லுலயும் வர்லாமா? அடுத்த வருசம் பாருங்க, ராசபாட்டையா போட்டுத் தரன். என் பொறுப்பு!"

ஊர் 'கோவிந்தா' போட்டது. கூட்டத்தின் பின்னாலிருந்து பழனி கோவர்தனைப் பார்த்தான். கோவர்தனும் வாயைத் திறந்து 'கோவிந்தா' என்றுதான் சொன்னான். வேறென்ன சொல்ல முடியும் அந்த இடத்தில்?

அறுவடை முடிந்ததும் மஞ்சள் பொக்லைன் வந்தது. முதலில் போனது உசிலை மரங்கள். பாதை சுற்றிக்கொண்டு போன மரங்களை எல்லாம் அது நேராகவே போய்ப் பிடுங்கியது. கோவர்தன் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு ஓடினான். பொக்லைன் முன்னால் போய் நின்றான். டிரைவர் இறங்கி வந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டு, "பெருமாள் வேலைங்க சாமி. நீங்களே இப்டி நிக்கலாமா?" என்று பயபக்தியோடு கேட்டான். இவன் ஒதுங்கினான்.

பழனியின் கொல்லையிலும் ஒரு துண்டு போனது. விளைகிற துண்டு.

"நீ ஏன்பா ஒத்துண்டே?" என்று இவன் கத்தினான்.

"பெருமாளு பேரச் சொல்லிக் கேட்டா எப்பிடிப்பா இல்லன்றது? நாளைக்குக் காந்தாவுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட ஊரு என்னா பேசும்?" என்றான் பழனி. அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கோவர்தனுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

சரளை கொட்டினார்கள், ரோலர் ஓட்டினார்கள். இரண்டு மாட்டுவண்டி தாராளமாக எதிரெதிரே போகும் அகலம். முயல் பாறைத் திருப்பத்தை நிமிர்த்தி நேராக்கினார்கள். முகப்பில் வளைவு வைத்து, சங்கு சக்கரம் வரைந்து, 'பெருமாள் திருவீதி, உபயம் நமச்சிவாயம்' என்று பெயிண்ட் அடித்தார்கள். மழைக்கு முன்னால் முதல் லாரி வந்தது. குன்றின் பின்புறக் கல்லை வெட்ட நமச்சிவாயத்தின் மைத்துனர் வெகுகாலம் முன்பே உத்தரவு வாங்கி வைத்திருந்தாராம். அங்கே போக வழி இல்லாததால் அது சும்மா கிடந்ததாம். இப்போதுதான் வழி வந்துவிட்டதே.

இதைக் கேட்ட அன்று கோவர்தன் நேரே ஊர்க்கூட்டத்துக்குப் போனான். எழுந்து நின்று, "நான் சொன்னது பொய். எங்க அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. பெருமாள் அந்த வழியா எப்பவும் போனதில்லை. என் சைக்கிளுக்காகச் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டான். தலை குனிந்து சொன்னான், வார்த்தை மாற்றாமல் சொன்னான்.

ஊர் அவனை ஏற இறங்கப் பார்த்தது. ஒரு கிழவர் எழுந்து, "நாங்க கண்ணால பாத்தமே சாமி பெருமாளு போனத. அதப் பொய்ன்றியா?" என்று கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து பூவம்மாள் என்பவள், அந்த வருஷம் கொல்லை நன்றாக விளையக் கண்டவள், "அந்த வழியா வந்த பெறகுதான் எங்கூட்ல நெல்லு எறங்குச்சி. வாய அலம்பிக்கினு பேசு சாமி" என்று சீறினாள்.

நமச்சிவாயம் கோபப்படவே இல்லை. "சரி சாமி, பொய்னே வெச்சிக்குவோம். இப்ப இன்னா பண்ணலாம்? அடச்சிடலாமா? பெருமாளு வந்த வழிய அடச்சிடுங்கன்னு உங்க வாயால மைக்ல சொல்லிடுங்க. நானே கல்லுக்காலு நட்டுத் தரன்."

மைக்கை நீட்டினார். கோவர்தன் அதைக் கையில் வாங்கினான். அந்த வீட்டில் பிறந்து, அந்த நாமத்தைப் போட்டுக்கொண்டு, அந்த வார்த்தையை அவனால் சொல்ல முடியவில்லை. எந்த வழக்கத்தைக் கொண்டு ஊரைக் கட்டினானோ, அதே வழக்கம் அவன் நாக்கையும் கட்டிவிட்டது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

சென்னை இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார்கள். "சாரி சார்" என்றார்கள். அப்புறம் வரவில்லை. சைக்கிள் மறுபடி கொல்லைப்புறத்துச் சுவரில் சாய்ந்தது. கோவர்தன் மறுபடி ஊஞ்சலில் சாய்ந்தான். ஸ்ரீவல்லி இந்தத் தடவை நெய்விளக்கு ஏற்றவில்லை. எந்தக் கோவிலுக்கும் போகவில்லை.

ஒரே ஒரு தடவை அவன் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனான். லாரிச் சக்கரத்தில் சரளை மாவாகி, கணுக்கால் ஆழத்துக்குப் புழுதி. முயல் பாறை இருந்த இடத்தில் ஓர் ஆள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிவப்புக் கொடியோடு குறுக்கே நின்றான். புருவம், மீசை எல்லாம் வெள்ளைத் தூள். கிட்டே போன பிறகுதான் பழனி என்று தெரிந்தது.

"கொஞ்சம் நில்லுபா" என்றான் பழனி. "வெடி வெச்சிக்கினு இருக்காங்க."

"நீயா பழனி? இங்கயா?"

"கொல்ல பூரா கல்லுத்தூளு. செடி வர்ல. காந்தாவும் ஜல்லி அள்ளப் போறா. வேற இன்னா பண்றது?"

இருவரும் நின்றார்கள். குன்றின் உள்ளேயிருந்து தரை அதிர்ந்து, சத்தம் பிறகு வந்தது. பழனி கொடியை இறக்கினான். "இப்ப போ" என்றான். எங்கே போவது என்று கோவர்தனுக்குத் தெரியவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டான்.

அதற்கடுத்த கன்னுப்பொங்கலுக்கு அவன் போக மறுத்தான். அப்பா படுக்கையிலிருந்தே, "உன் மனசுக்காகப் பெருமாள் காத்துண்டிருப்பாரா? போ" என்றார். போனான்.

பெருமாள் டிராக்டரில் எழுந்தருளினார். சீரியல் விளக்கு, ஜெனரேட்டர், பின்னால் ஸ்பீக்கர் கட்டிய வேன். சுமப்பவர்கள் வேட்டி கசங்காமல் பக்கத்தில் நடந்து வந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. வழி நெடுகிலும் ஒரு நிழல் இல்லை. குன்றைப் பார்க்கக் கூடாது என்றுதான் கோவர்தன் தலை குனிந்து நடந்தான். ஆனால் ஊர்வலம் நின்ற இடத்தில் நிமிர்ந்துதானே ஆக வேண்டும்? அங்கே குன்றில் பாதி இல்லை. மீதிப் பாதி, வெட்டிய பூசணிக்காய் மாதிரி வெள்ளையாக நின்றது.

கூடையைக் கொண்டுவந்தான் பழனி. அந்த வருஷம் எத்தனை இடத்தில் வலை கட்டியும் முயல் அகப்படவில்லை. பாரிவேட்டை தவறக் கூடாது என்று நமச்சிவாயம் காஞ்சிபுரத்திலிருந்து ஒன்றை வாங்கி வரச் சொல்லியிருந்தார். மூடியைத் திறந்ததும் உள்ளே பஞ்சுபோல் வெள்ளைவெளேரென்று ஒரு வீட்டு முயல், சிவப்புக் கண்ணோடு உட்கார்ந்திருந்தது. நெற்றியில் குங்குமம். ஆரத்தி காட்டி, கொட்டு முழங்க, அதைச் சரளையில் இறக்கி விட்டார்கள்.

அது ஓடவில்லை. கூண்டில் பிறந்த ஜீவனுக்கு ஓடுவது என்றால் என்னவென்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காதைப் படுக்கவைத்துக்கொண்டு கொட்டுச் சத்தத்தில் வெடவெடவென்று நடுங்கியது. கல் சுட்டிருக்க வேண்டும். காலை மாற்றி மாற்றி வைத்தது. பிறகு மெல்லத் தாவித் தாவி, அந்த இடத்திலேயே இருந்த ஒரே நிழலுக்குப் போயிற்று. டிராக்டர் சக்கரத்தின் கீழே போய் ஒண்டிக்கொண்டது.

"பெருமாளே!" என்று ஒரு குரல் வீறிட்டது. "பாருங்கடி, எந்தப் பக்கமும் போவாம அவரு காலடிக்கே பூட்ச்சி!" பெண்கள் குலவையிட்டார்கள். நமச்சிவாயம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மைக்கில் யாரோ, "இந்த வருசம் நாலு பக்கமும் வெளையும்" என்று அறிவித்தார்.

பாசுரத்துக்கு வண்டியைத் திருப்பி நிறுத்த டிராக்டர் டிரைவர் சாவியைத் திருகினான். கோவர்தன் குனிந்து சக்கரத்தடியில் கையை விட்டு முயலை வெளியே இழுத்தான். அதன் நெஞ்சு அவன் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. பாதி மடியில், பாதி கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே நடந்தான். பழனி கூடையோடு பின்னால் ஓடிவந்தான்.

"அத எங்க எடுத்துனு போறப்பா?"

"எங்கயாவது விட்டுடறேன். ஒரு புதரா பாத்து."

"எங்க உடறது சொல்லு. நான் உட்டுட்டு வரன்."

கோவர்தன் நின்றான். இந்தக் காட்டில் எந்த வளைவில் காரை, எந்தச் சரிவில் ஆவாரை, எங்கே சூரைப்புதருக்குள் கௌதாரி முட்டையிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் அவன். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். கண்ணுக்கெட்டிய மட்டும் சரளை, கல்தூள், லாரித் தடம். பழனி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான். பின்னால் மைக்கில், "சாமி, பாசுரம் ஆரம்பிக்கலாம், பெருமாளு காத்துக்கினு இருக்காரு" என்று கூப்பிட்டார்கள்.

அவன் முயலைத் திரும்பக் கூடைக்குள் வைத்தான். பழனி மூடியைச் சாத்தினான். கோவர்தன் டிராக்டர் முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பாசுரத்தை ஆரம்பித்தான்.